ஆற்றோடு ஏறி ஆற்றோடு இறங்கும் பாதை: ஹோட்டன் சமவெளிக்கு ஒரு வார இறுதிப் பயணம்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் 2,300 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில், ஏறத்தாழ 3,160 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஹோட்டன் சமவெளி, கொழும்பிலிருந்து சனிக்கிழமை காலையில் வாகனத்தில் புறப்பட்டு ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது. பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் வாகனத்தை விட்டு இறங்கவே பார்வையாளருக்கு அனுமதியில்லாத அந்நாட்டில், மூன்று நான்கு மணி நேரம் காலாற நடந்து சுற்றிவரத் தக்க வழித்தடம் இங்கு அமைந்திருப்பதால், விடுமுறை நாள்களில் அதிகாலையிலேயே நுழைவாயிலில் வாகனங்கள் வரிசைகட்டி நிற்பதில் வியப்பில்லை. ஆனால் வருவோரில் பெரும்பாலோர் 'உலக முடிவு' என்று பெயர் பெற்ற செங்குத்துப் பாறை விளிம்பு ஒன்றையே காண வருகிறார்கள்; அங்கே படம் எடுத்துக்கொண்டதும் பயணத்தின் நோக்கம் முடிந்துவிட்டதாகக் கருதித் திரும்பிவிடுகிறார்கள். இந்தச் சமவெளியின் பெருமை அந்த விளிம்பில் மட்டும் அடங்கிவிடவில்லை. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பேராறுகளுக்கும் நீர் பிரிந்து போகும் மேடு இது என்பதையும், கொழும்பிலிருந்து மேலே ஏறும் சாலையும் மறுபக்கம் கீழே இறங்கும் சாலையும் அந்த ஆறுகளின் பள்ளத்தாக்குகள் வழியாகவே செல்கின்றன என்பதையும் மனத்தில் கொண்டு புறப்படுபவருக்கு, இரண்டு நாள் பயணமும் ஒரே கதையாகத் தொடர்ந்து வரும்.

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்ல இரு பெரும் பாதைகள் உண்டு. பேராதனை, கம்பளை, றம்பொடை வழியாகச் செல்வது ஒன்று; அவிசாவளை, கித்துல்கலை, அட்டன், தலவாக்கலை வழியாகச் செல்வது மற்றொன்று. சுமார் 180 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாதையைக் கடக்க, வளைவுகளின் மிகுதியால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும் என்றாலும், ஆறுகளைத் தொடர்ந்து செல்ல விரும்புபவருக்கு அதுவே உகந்தது. கொழும்பு மாநகரின் குடிநீரில் பெரும்பகுதி, நகருக்குச் சற்று வெளியே அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. கங்கை என்பது இங்கே ஒரு தனி ஆற்றின் பெயரன்று. சிங்களத்தில் பேராற்றைக் குறிக்கும் பொதுச்சொல் அது, சிற்றாற்றுக்கு 'ஓயா' என்பது பெயர். காலையில் கொழும்பு வீட்டுக் குழாயில் நீர் பிடித்துக் குடுவையில் நிரப்பிக்கொண்டு கிளம்பும் குடும்பம், தன்னை அறியாமலே அந்த நீர் வந்த வழியை எதிர்த்திசையில் பின்தொடரத் தொடங்குகிறது.

அவிசாவளைக்கு அப்பால் சாலை களனியை நெருங்கிச் செல்கிறது. கித்துல்கலையில் ஆறு பாறைகளின் மீது துள்ளிப் பாய்வதால் இரப்பர் படகுச் சவாரிக்கு அவ்வூர் பெயர்பெற்றிருக்கிறது. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' திரைப்படத்துக்காக இந்த ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலம் கட்டப்பட்டு, கதையின் தேவைக்காக அது வெடிவைத்துத் தகர்க்கவும் பட்டது. தாய்லாந்துக் காடாகத் திரையில் தோன்றியது உண்மையில் களனிக்கரைக் காடுதான். இங்கிருந்து கினிகத்தேனை நோக்கிச் சாலை செங்குத்தாக ஏற ஏற, இரப்பர் மரங்களும் பலாவும் கமுகும் பின்தங்கிப்போய், முதல் தேயிலைச் சரிவுகள் தோன்றும். கினிகத்தேனைக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட முகடுகளில், எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல், பயணி களனியின் வடிநிலத்திலிருந்து மகாவலியின் வடிநிலத்துக்குள் கடந்துவிடுகிறார். வடிநிலம் என்பது, விழும் மழை முழுவதும் ஓர் ஆற்றையே சென்று சேரும் நிலப்பரப்பு. முகட்டின் ஒரு பக்கம் விழும் துளி கொழும்புக்கு அருகே மேற்குக் கடலில் கலக்க, மறுபக்கம் விழும் துளி 335 கிலோமீட்டர் நீளமுள்ள மகாவலியோடு தீவின் வடகிழக்கைச் சுற்றித் திருகோணமலை அருகே கடலை அடைகிறது.

அட்டனிலிருந்து நுவரெலியா வரை சாலையின் இருபுறமும் காண்பது இயற்கைக் காட்சி என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்வது ஒரு வகையில் பிழை. அந்தப் பச்சை முழுவதும் மனிதக் கைகளால் உண்டாக்கப்பட்டது. அக்கைகளில் மிகப் பல தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களுடையவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து மதுரை, திருச்சி, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலையேறிக் காப்பித் தோட்டங்களை உருவாக்கினார்கள். 1869இல் இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் காணப்பட்டு அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்தபோது, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. சாலையோரத்தில் வரிசையாகத் தெரியும், லயன் எனப்படும் தொழிலாளர் வீடுகளும், வளைவுதோறும் நிற்கும் மாரியம்மன், முருகன் கோயில்களும், கொழுந்துக் கூடையைத் தலையில் பட்டையிட்டு முதுகில் சுமந்து சரிவில் நிற்கும் பெண்களும் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. முதல் தொழிலாளர் வருகையின் 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. வீட்டுரிமையும் காணியுரிமையும் கேட்டு மலையகத் தமிழர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் குடியிருப்பைக் காட்சிப்பொருளாக மட்டும் கண்டு கடந்துபோவது பொருத்தமாக இராது.

தலவாக்கலை அருகே டெவன், சென் கிளேயர் என இரு நீர்வீழ்ச்சிகள் சாலையிலிருந்தே தெரிகின்றன. சென் கிளேயர், மகாவலியின் முதன்மைக் கிளைகளுள் ஒன்றாகிய கொத்மலை ஓயாவில் அமைந்தது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணை கட்டப்பட்டு நீர் சுரங்கவழியாகத் திருப்பப்பட்டதால், பழைய படங்களில் காணும் அகன்ற வெண்திரையை மழை நாள்களில்தான் எதிர்பார்க்க முடியும். அந்த ஓயாவுக்கு நீர் தரும் கிளைகளுள் ஒன்றான அக்ரா ஓயா, மறுநாள் காலையில் பயணி நடக்கவிருக்கும் சமவெளியிலிருந்து இறங்கி அக்கரப்பத்தனையைக் கடந்து வருகிறது. பத்தனை என்னும் சொல்லை இங்கே கவனித்து வைக்க வேண்டும். மலைப் புல்வெளியைக் குறிக்கும் 'பத்தன' என்ற சிங்களச் சொல்லே மலையகத் தமிழில் பத்தனையாகி, தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் பெயராயிற்று. புல்வெளி போய்த் தேயிலை வந்துவிட்டாலும், பெயரில் மட்டும் பழைய நிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சனிக்கிழமை இரவைக் கழிப்பதே வழக்கம். குதிரைப் பந்தயத் திடல், புல்தரையில் குழிப்பந்தாட்டம், செங்கல் அஞ்சலகம் என்று விக்டோரியா காலத்து ஆங்கிலேய ஊரின் பாவனை அங்கே இன்னும் எஞ்சியிருக்கிறது. விடுமுறைக் காலத்தில் நெரிசலும் விலையும் எல்லை மீறும் என்பதைத் தவிர அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு முன்பாகவே அங்கிருந்து கிளம்ப வேண்டும். பூங்காவின் வாயில் 6 மணிக்குத் திறக்கப்படுவதாலும், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதாலும் மட்டுமல்லாமல், உலக முடிவின் காட்சி காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் மறைந்துவிடுவதாலும் இந்த அவசரம் தேவைப்படுகிறது. பாற்பண்ணைக்குப் பெயர்போன அம்பேவெலவைத் தாண்டி, 1,891 மீட்டர் உயரத்தில் இலங்கையின் மிக உயர்ந்த தொடருந்து நிலையமான பட்டிப்பொலவைக் கடந்ததும், காய்கறித் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் திடீரென நின்றுபோய்க் காடு தொடங்குகிறது.

இந்த எல்லை தற்செயலாக அமைந்ததன்று. காப்பித் தோட்டங்களுக்காக மலைகள் மளமளவென்று மொட்டையடிக்கப்பட்டுவந்த காலத்தில், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும் என்று 1873இல் இலங்கையின் ஆங்கிலேய அரசுக்கு அறிவுறுத்தினார். மலையுச்சிக் காடு அழிந்தால் கீழே ஆறுகள் வற்றும், மண் சரியும் என்ற எண்ணம் அக்காலத் தாவரவியலாளரிடையே வலுப்பெற்றிருந்தது. தோட்ட முதலாளிகளுக்கும் தங்கள் பயிருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. நுவரெலியாவைச் சுற்றிலும் அந்தக் கோட்டுக்கு மேலே தேயிலை ஏறிய இடங்கள் பல உண்டு என்பதால், அறிவுரை முற்றாகப் பின்பற்றப்பட்டது என்று சொல்ல இயலாது. ஆயினும் ஹோட்டன் சமவெளி தப்பியதற்கு அந்த ஒரு கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. விடுதலைக்குப் பின், 1960களில், சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் இது காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 1988இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 2010இல், சிவனொளிபாத மலைக் காப்புக்காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்ந்து, 'இலங்கையின் மத்திய மலைநாடு' என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் ஆயிற்று.

பெயரைப்பற்றியும் ஒரு சொல். 1834இல் இந்த மேட்டுவெளியை அடைந்த இரு ஆங்கிலேயப் படை அதிகாரிகள், 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த சர் ராபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரை இதற்கு இட்டார்கள். அவர்களே இதைக் கண்டுபிடித்ததாக எழுதுவது இன்னும் ஓயவில்லை. அதற்கு முன்பே சிங்களத்தில் இதற்கு மகா எலிய என்ற பெயர் இருந்தது. எலிய என்றால் வெளிச்சம், திறந்த வெளி என்று பொருள், நுவரெலியாவின் பின்பாதியும் அதே சொல்தான். பலாங்கொடைப் பண்பாடு என்று அழைக்கப்படும் கற்கால மக்களின் கற்கருவிகள் இங்கே கிடைத்திருக்கின்றன. பெயர் வைப்பதற்கு ஆளுநர் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இந்த வெளிக்கு இருந்ததில்லை.

இத்தனை உயரத்தில் ஒரு சமவெளி எப்படி வந்தது என்ற கேள்விக்குப் புவியியலாளர் சொல்லும் விடை சுவையானது. இலங்கையின் நிலம் படிக்கட்டுப்போல மூன்று தளங்களாக உயர்கிறது என்று ஃபிராங்க் டாசன் ஆடம்ஸ் என்னும் கனடா நாட்டுப் புவியியலாளர் 1929இல் எழுதினார்: கடலோரத் தாழ்நிலம், நடுமலைத் தளம், உச்சித் தளம். நீண்ட காலத் தேய்மானத்தால் மலைகள் கரைந்து ஏறக்குறையச் சமமான நிலத்துக்குத் தேய்சமவெளி என்று பெயர். ஒரு தேய்சமவெளி மேலே தூக்கப்பட, அதன் விளிம்புகளை ஆறுகள் அரித்து அடுத்த தளத்தை உண்டாக்கின என்பது ஆடம்ஸின் கருத்து. நிலத்துண்டுகள் பிளவுக்கோடுகள் நெடுகப் பெயர்ந்து உயர்ந்தன என்று டி. என். வாடியா பின்னர் மறுத்தார். எவ்வாறாயினும் ஹோட்டன் சமவெளி மூன்றாவது படியின் மேல் நிற்கிறது. நாட்டின் இரண்டாவது உயரமான சிகரம் கிரிகல்பொத்தவும் (2,395 மீட்டர்) மூன்றாவதான தொட்டுபொல கந்தவும் (2,357 மீட்டர்) அதன் மேற்கிலும் வடக்கிலும் மேடுகள்போல எழுந்திருக்கின்றன. இராவணனின் விமானம் வந்திறங்கிய துறை தொட்டுபொல என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. இம்மலைகளின் பாறைகளுள் ஒன்றான சார்னொக்கைட், சென்னைப் பரங்கிமலைப் பாறையோடு ஒரே இனத்தைச் சேர்ந்தது. கொல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னொக்கின் கல்லறைக் கல் பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்பதால்தான் பாறைக்கே அவர் பெயர் வந்தது.

சுற்றுப்பாதையின் நீளம் ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர். தொடக்கத்தில் இருபுறமும் விரியும் புல்வெளி, பத்தனை வகைகளுள் 'ஈரப் பத்தனை' எனப்படுவது. மட்கிய தாவரப் பொருள் நிறைந்த அதன் கரிய மண், பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. புல்லுக்கு இடையே தீவுகள்போல நிற்கும் காட்டை, மேகக்காடு என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியில் மூழ்கியிருக்கும் இந்தக் காட்டின் மரங்கள் காற்றால் குட்டையாகி, குடைவடிவ முடியோடு, கிளையெங்கும் பாசியும் கற்பாசியும் போர்த்தி நிற்கின்றன. மழையே பெய்யாத நாளிலும், கடந்துபோகும் மேகத்தின் நுண்துளிகள் அந்தப் பாசியிலும் இலைகளிலும் படிந்து, திரண்டு, தரையில் சொட்டுகின்றன. மழைமானி அளக்காத இந்த நீரும் ஆறுகளைச் சேர்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இந்த நிலக்கோலம் நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காட்டையும் புல்வெளியையும் நினைவூட்டும். அங்கே எழுப்பப்படும் கேள்வியே இங்கும் எழுகிறது: காடு வளர்வதற்குப் போதிய மழை இருந்தும் புல் ஏன் நிலைத்திருக்கிறது? சனவரி, பிப்ரவரி இரவுகளில் தாழ்ந்த இடங்களில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கொல்வது, பழங்காலத் தீ, மண்ணின் தன்மை எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. முடிந்த தீர்ப்பு இல்லை.

இக்காட்டின் மரங்கள் தமிழருக்குப் பெயரளவில் அயலானவையல்ல என்பது பலரும் கவனிக்காத செய்தி. சிங்களத்தில் 'கீன' எனப்படும் குடைமரம், நெய்தல் நிலத்துக் கடற்கரையில் நிழல் தரும் புன்னையின் பேரினத்தைச் சேர்ந்தது. இன்னும் பல மரங்கள் நாவலின் உறவுகள். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடியும் 'நெலு' என்னும் புதர், நீலகிரிக் குறிஞ்சியின் உடன்பிறப்பு. புல்வெளியில் தனித்தனியே கோணல்மாணலாக நின்று செந்நிறக் கொத்துகளைப் பூக்கும் மரத்துக்குச் சிங்களர் 'மகா ரத் மல்', அதாவது பெரிய செம்மலர், என்று பெயரிட்டிருக்கிறார்கள். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று அறியப்படும் அதே இனத்தின் மற்றொரு வகை இது. இமயமலையிலும், இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இல்லாமல் தென்னிந்திய உச்சிகளிலும், பின் இங்கும் இந்த மரம் காணப்படுவதற்கு, உலகம் குளிர்ந்திருந்த காலத்தில் பரவியிருந்த குளிர்நிலத் தாவரங்கள், வெப்பம் ஏற ஏற மலையுச்சிகளுக்கு ஒதுங்கித் தீவுகளாகிவிட்டன என்று விளக்கம் தருகிறார்கள்.

பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பி, முதலில் சிறிய உலக முடிவையும் அதன்பின் பெரியதையும் காண்பது, மூடுபனியை முந்திக்கொள்வதற்கான வழி. சிறியதன் முன்னே நிலம் சுமார் 270 மீட்டர் இறங்குகிறது. பெரியதன் முன்னே ஏறத்தாழ 870 மீட்டர். சமவெளியின் தெற்கு விளிம்பு ஒரே வெட்டாக முடிந்துவிட, காலுக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தின் கூரைகள் தீப்பெட்டிகளாகத் தெரிய, அதற்கப்பால் தாழ்நிலமும் நீர்த்தேக்கங்களும் நீலமாக மங்கிச் செல்கின்றன. வானம் முற்றிலும் தெளிந்த நாளில் 80 கிலோமீட்டருக்கு அப்பால் தென்கடலின் கோடும் தென்படும். சூரியன் ஏறியதும் பள்ளத்தாக்கின் காற்று சூடாகி, பாறைச் சுவரைத் தழுவி மேலெழுகிறது. உயரத்தில் அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர, அதிலிருந்த ஈரம் நுண்துளிகளாகத் திரண்டு, விளிம்பைத் தாண்டும் இடத்தில் மேகமாகிவிடுகிறது. ஆகவே பத்து மணிக்குமேல் வருபவர் வெறும் வெள்ளைத் திரையின் முன் நின்று ஏமாறுகிறார். ஏமாற்றம் என்று சொல்வதும் ஒருவகையில் நியாயமன்று. காட்சியை மறைக்கும் அந்த வெள்ளையே சற்று முன் கடந்துவந்த பாசிகளில் சொட்டும் நீர். மூன்று ஆறுகளைப் பார்க்க வந்தவர் அவற்றின் தொடக்கத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறார்.

திரும்பும் வழியில் பெலிஹுல் ஓயாவின் மேல் இருக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி, சுமார் 20 மீட்டர் உயரமே ஆனாலும் அகன்று விழும் அழகுடையது. 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றப் பண்ணை ஒன்றைத் தொடங்கி, பின்னாளில் ஆப்பிரிக்காவில் நைல் ஆற்றின் மூலத்தைத் தேடிச் சென்று ஆல்பர்ட் ஏரியை அடைந்த சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு. அவர் இம்மலைகளில் யானையையும் மானையும் வேட்டையாடியதைப் பெருமையோடு நூல்களாக எழுதினார். அவருக்கு முன்னோடியான மேஜர் தாமஸ் ரோஜர்ஸ், 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நீதிக்கதை எழுதுவோருக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது. ஆனால் யானைகள் திரும்பி வரவில்லை. இன்று ஹோட்டன் சமவெளியில் ஒரு யானைகூட இல்லை.

எஞ்சியிருப்பது, தமிழ்நாட்டில் கடமான் என்றும் இலங்கைத் தமிழில் மரை என்றும் சொல்லப்படும் பெரிய மான். வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கும் மரைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுப்பதைச் சிலர் அன்பு என்று நினைக்கிறார்கள். தாளோடும் உறையோடும் தின்னப் பழகிய விலங்குக்கு அது தீங்கே. மரையைத் தின்னும் சிறுத்தையும் இங்குண்டு, ஆனால் கண்ணில் படுவது அரிது. அதைவிட அரியது இச்சமவெளிக்கு உரிய தேவாங்கு வகை. 1937இல் முதலில் பதிவான அது, பல பத்தாண்டுகளாக அற்றுப்போய்விட்டதாகவே கருதப்பட்டுவந்து, 2009இல்தான் முதன்முறையாகப் படம் பிடிக்கப்பட்டது. மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று பாசி படர்ந்த கிளைகளில் அசையாமல் ஒட்டியிருக்கும். பொறுமையோடு நடப்பவர் கண்ணுக்கு அது அகப்படும்.

வேலி போட்டுவிட்டதால் மட்டும் ஒரு நிலம் பிழைத்துவிடுவதில்லை என்பதற்கும் இந்தச் சமவெளி சான்று. மேகக்காட்டின் மரங்கள் சில பத்தாண்டுகளாக முடியிலிருந்து காய்ந்து, நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. வறட்சி, மண்ணில் சத்துக் குறைவு, காற்று மாசு என்று காரணங்கள் ஆராயப்பட்டாலும் எதுவும் முழு விளக்கமாக ஏற்கப்படவில்லை. ஐரோப்பாவிலிருந்து வேலிச்செடியாக வந்த, மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர் ஒன்று புல்வெளிக்குள் பரவி, அதை வெட்டி அகற்றும் பணி ஓயாமல் தொடர்கிறது. தூண்டில் விளையாட்டுக்காக ஆங்கிலேயர் ஓடைகளில் விட்ட டிரவுட் மீன், இங்கே மட்டும் வாழும் நன்னீர் இறால் வகைக்கு ஆபத்தாகியிருக்கிறது. இவற்றோடு ஒப்பிடும்போது பார்வையாளரின் பிளாஸ்டிக் உறைகள் சிறிய பிரச்சினை. ஆனால் பார்வையாளரால் தடுக்க முடிந்தது அது ஒன்றுதான். வனஜீவராசிகள் திணைக்களத்தினர் வாயிலில் பைகளைச் சோதித்து, பிஸ்கட் உறைகளையும் பொலித்தீன் பைகளையும் அகற்றிவிடுகிறார்கள். உணவை வாழையிலையிலோ டப்பாவிலோ கொண்டுபோகிறவருக்கு இந்தச் சோதனையில் நேரம் மிச்சம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவே என்பதால் கம்பளி மேலாடையும், சேற்றில் வழுக்காத காலணியும், திடீர் மழைக்கு ஓர் உறையும் வேண்டும். மூடுபனியில் பாதையை விட்டு விலகியவர் திசை தவறிவிடுவது எளிது.

நடை முடிந்தபின் வந்த வழியே திரும்பாமல், ஒஹிய வாயிலின் வழியாக இறங்கி, பொரலந்தை, ஹப்புத்தளை, பெரகலை, ஹல்துமுல்லை வழியாகக் கொழும்பு நெடுஞ்சாலையைப் பிடித்தால் மூன்றாவது ஆற்றின் பள்ளத்தாக்கும் கிடைக்கும். நண்பகலுக்குப் பின் அந்தச் சாலை, காலையில் மேலிருந்து குனிந்து பார்த்த அதே பாறைச் சுவரின் அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. மேலே மேகம் மூடியிருக்க, அதன் கீழ் விளிம்பு மட்டும் தெரியும். பெலிஹுல் ஓயா என்ற சிற்றூரில் சாலை ஒரு பாலத்தைக் கடக்கிறது. காலையில் பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுந்த ஓடை, தன் பெயரையே ஊருக்கும் கொடுத்துவிட்டு, பாலத்தின் கீழே பெரிய உருண்டைக் கற்களுக்கிடையில் இரைந்து ஓடுகிறது. சற்றுத் தெற்கே அது வளவை கங்கையோடு கலக்கும் இடத்துக்குக் கீழே, 1992இல் சமனலவெவ அணை கட்டி முடிக்கப்பட்டது. கட்டியபோதே அதன் கரைப் பாறையில் நீர்க்கசிவு தோன்றியது. பெருமுயற்சி செய்தும் பொறியாளர்களால் அதை அடைக்க முடியவில்லை. அந்தக் கசிவு நீர் கீழே கல்தொட்டை வயல்களுக்குப் பாய்கிறது. அணைக்கு வெகுகாலம் முன்பே வளவை நீரில் பங்கு பெற்றிருந்த அவ்வூர் உழவர்கள், இன்றும் அதைக்கொண்டு நெல் விளைவிக்கிறார்கள்.